முதலாமாண்டு உயிரியலும் அதன் லேப்பும்: சேருமுன் எதைப் பார்க்க வேண்டும்?

கல்லூரியில் முதலாமாண்டு உயிரியல் அறிமுகப் பாடத்தில் சேரப்போகிறவர்கள் முதலில் புரட்டுவது பாடத்திட்டத்தை. அதில் ஒப்பிட்டுப் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. வேதியியல் அடிப்படையில் தொடங்கி செல், சவ்வு, நொதி, சுவாசம், ஒளிச்சேர்க்கை, செல் பிரிவு, மெண்டல், டி.என்.ஏ., பரிணாமம் என்று எங்கே போனாலும் ஏறக்குறைய இதே வரிசைதான். வகுப்பில் கேட்பதைப் புத்தகத்தில் படிக்கலாம், வீடியோவில் பார்க்கலாம். வேறு எங்கும் கிடைக்காதது வாரம் ஒரு தடவை இரண்டு மூன்று மணி நேரம் நடக்கும் லேப் மட்டும்தான். அதனால் இந்த மதிப்புரையும் பெரும்பாலும் லேப்பைப் பற்றித்தான்.

சுருக்கமாகச் சொன்னால், மைக்ராஸ்கோப், சவ்வூடு பரவல், நொதி, எண்ணிக் கிடைத்தது எதிர்பார்த்த விகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும் கை-ஸ்கொயர் கணக்கு ஆகிய நான்கும் ஒழுங்காக நடந்தால் இந்தப் பாடம் கொடுத்த நேரத்துக்கும் பணத்துக்கும் தகும். பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தைச் செலுத்தும் பயிற்சியும் இருந்தால் இன்னும் நல்லது. பழத்திலிருந்து டி.என்.ஏ. எடுப்பது, அறுவைப் பயிற்சி இரண்டும் விளம்பரப் படங்களில்தான் அதிகம் வரும், கற்பது அந்த அளவுக்கு இராது.

மைக்ராஸ்கோப்

இதற்கு முழுதாக இரண்டு வாரம் ஒதுக்கும் லேப்பை நம்பலாம். ஒரே வகுப்பில் முடித்துவிட்டு அடுத்ததுக்குத் தாவும் லேப்பில், பருவம் முடியும்வரை மாணவர்கள் காற்றுக்குமிழியைச் செல் என்று வரைந்துகொண்டிருப்பார்கள். (கறுப்பாய்த் தடித்த விளிம்பும், உள்ளே ஒன்றுமில்லாத வெளிச்சமும் இருந்தால் அது குமிழி. ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பைத் தண்ணீர்த் துளியில் தொட வைத்து, 45 டிகிரி சாய்வில் மெதுவாக இறக்கினால் குமிழி குறையும்.)

கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு. பொருளருகு லென்ஸ்கள் 4, 10, 40, 100. பெருக்கினால் 40, 100, 400, 1000 மடங்கு. இது எல்லோரும் சொல்லிக்கொடுப்பது. பலர் விட்டுவிடுவது, உருப்பெருக்கம் கூடக்கூடப் பார்வைப் பரப்பு எவ்வளவு சுருங்குகிறது என்பதை. கண்ணருகு லென்ஸில் 18 என்று எழுதியிருந்தால், அதை 4-ஆல் வகுக்க, 4 மடங்கு லென்ஸில் 4.5 மி.மீ. அகலம் தெரியும், 40 மடங்கில் வெறும் 0.45 மி.மீ. முதலில் நடுவில் கொண்டுவராத பொருள், லென்ஸைத் திருப்பியதும் காணாமல் போவது இதனால்தான். 4-ல் கண்டுபிடி, நடுவுக்கு நகர்த்து, 10-ல் கூர்மையாக்கு, மறுபடி நடுவுக்கு நகர்த்து, பிறகு 40. இந்த ஒழுங்கைக் கைப்பழக்கமாக்கும்வரை விடாத ஆசிரியர் அமைந்தால் அதிர்ஷ்டம்.

40-க்குப் போனபின், கூர்மையாக்கும் இரண்டு திருகுகளில் பெரியதைத் தொடக்கூடாது. அந்த லென்ஸுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் நடுவே இருப்பது அரை மில்லிமீட்டர் சொச்சம். ஒரு சுற்று சுற்றினாலே ஸ்லைடு உடையும், லென்ஸிலும் கீறல் விழும். இன்னொரு வழக்கமான குழப்பம்: 4-லும் 10-லும் தெளிவாகத் தெரிந்த ஸ்லைடு 40-ல் என்ன செய்தும் கூர்மையாகாது. பாதித் தடவை ஸ்லைடைத் தலைகீழாக வைத்திருப்பார்கள். கவர் ஸ்லிப்பின் தடிமன் 0.17 மி.மீ., ஸ்லைடின் கண்ணாடி சுமார் 1 மி.மீ. அவ்வளவு கண்ணாடியைத் தாண்டி 40 மடங்கு லென்ஸால் எட்ட முடியாது. மீதிப் பாதியில், முந்தைய குழு 100 மடங்கு லென்ஸுக்கு எண்ணெய் விட்டு, துடைக்காமல் 40-க்குத் திருப்பி அதிலும் எண்ணெயைப் பூசிவிட்டுப் போயிருக்கும். லென்ஸ் பேப்பரால் துடைக்க வேண்டும், சட்டை நுனியால் அல்ல. ஒவ்வொரு மேசையிலும் லென்ஸ் பேப்பர் இருக்கிறதா என்று பார்த்தாலே அந்த லேப்பின் பராமரிப்பு பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி: சாயம் ஏற்றாத செல்லைப் பார்க்கும்போது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐரிஸ் டயாஃப்ரத்தை முழுக்கத் திறந்து வைத்தால் எல்லாம் வெளுத்துவிடும். பாதிக்கு மேல் மூடினால்தான் செல்லின் ஓரம் எடுத்துக்காட்டும். கன்னத்தின் உட்புறச் செல்லுக்கு மெத்திலீன் நீலம் ஒரு துளி போதும். ஒரு நிமிடம் விட்டு, கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் தண்ணீர் விட்டு எதிர்ப்பக்கம் வடிதாளால் இழுக்க வேண்டும். சாயம் கூடினால் உட்கருவும் சைட்டோபிளாசமும் ஒரே நீலத்தில் மூழ்கிவிடும்.

அளவெடுத்தல் இல்லாத மைக்ராஸ்கோப் வகுப்பு அரைகுறை வகுப்பு. கண்ணருகு லென்ஸுக்குள் இருக்கும் அளவுகோலின் கோடுகளுக்கு என்று தனியாக ஒரு நீளம் கிடையாது. ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். மேடையில் வைக்கும் மைக்ரோமீட்டர் ஸ்லைடில் 1 மி.மீ.யை 100 பாகமாகப் பிரித்திருப்பார்கள், ஒரு பாகம் 10 மைக்ரோமீட்டர். 40 மடங்கு லென்ஸில் கண்ணளவுகோலின் 40 கோடுகள் மேடையின் 10 கோடுகளோடு பொருந்தினால், 100 மைக்ரோமீட்டரை 40-ஆல் வகுக்க ஒரு கோடு 2.5 மைக்ரோமீட்டர். கன்னச் செல் 24 கோடு அகலம் என்றால் 60 மைக்ரோமீட்டர். அதை நோட்டில் 6 செ.மீ. அகலமாக வரைந்திருந்தால் படத்தின் உருப்பெருக்கம் 1000 மடங்கு. லென்ஸில் 400 மடங்கு பார்த்தோம் என்பதற்காகப் படத்தின் கீழே 400 என்று எழுதுவது தவறு. இந்தத் தவறுக்கு மதிப்பெண் குறைக்கும் லேப்பாகப் பார்த்துச் சேருங்கள்.

வரைவதும் அப்படித்தான். கூரான பென்சில், ஒரே இழுப்பில் கோடு, நிழல் தீட்டுவது கிடையாது, இரண்டு மூன்று செல்கள் போதும், பெயர்க்கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. புத்தகத்தில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தன் ஸ்லைடில் பார்த்ததாக வரைந்து வருகிறவருக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் லேப்பில் கற்க ஒன்றும் இல்லை. சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பில், மாணவர் கையால் தயாரித்த ஸ்லைடில் அது அப்படித் தெரிய வழியே இல்லை.

உருளைக்கிழங்கும் சர்க்கரையும்

சவ்வூடு பரவல் பயிற்சி பார்க்க எளிது. உருளைக்கிழங்குத் துண்டுகளை 0, 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மோலார் சுக்ரோஸ் கரைசல்களில் போட்டு, முன்னும் பின்னும் எடை பார்த்து, எடை மாற்றத்தைச் சதவீதமாக்கி வரைபடம் போடுவது. கோடு பூஜ்ஜியத்தை வெட்டும் இடம் கிழங்கின் உட்செறிவுக்குச் சமம். பெரும்பாலும் 0.2-க்கும் 0.35-க்கும் இடையில் விழும்.

தப்பு நடப்பது கரைசல் தயாரிப்பதில். சுக்ரோஸின் மோலார் நிறை 342.3. ஆகவே 250 மி.லி. 1 மோலார் கரைசலுக்கு 85.6 கிராம். இதைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பிறகு 250 மி.லி. குறி வரை நிரப்ப வேண்டும். 250 மி.லி. தண்ணீரை அளந்து அதில் 85.6 கிராமைக் கொட்டினால் கரைசல் 300 மி.லி.யைத் தாண்டிவிடும், செறிவு 0.8 மோலாருக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதிலிருந்து நீர்த்துச் செய்த எல்லாக் கரைசலும் லேபிளில் இருப்பதைவிட நீர்த்தவை. உண்மையில் 0.30-ல் வெட்ட வேண்டிய கோடு 0.36-ல் வெட்டும். மாணவர் கிழங்கைக் குறை சொல்வார். கரைசல்களை முன்கூட்டியே தயாரித்துப் பாட்டிலில் கொடுத்துவிடும் லேப்பில் இந்தப் பாடமே நழுவிப்போகிறது. குறைந்தது நீர்த்தல் வரிசையையாவது மாணவர்களிடம் விட வேண்டும்.

அடுத்தது, ஈரம் ஒற்றுவது. ஒருவர் துண்டைத் தாளில் லேசாக உருட்டி எடுப்பார், இன்னொருவர் பிழிந்தெடுப்பார். 3 கிராம் துண்டில் 0.1 கிராம் தண்ணீர் ஒட்டியிருந்தாலே 3 சதவீதத்துக்கு மேல் பிழை. ஒரு குழுவில் ஒருவரே எல்லாத் துண்டையும் ஒற்றினால் பிழை எல்லாவற்றிலும் ஒரே பக்கமாக இருக்கும், கோட்டின் சாய்வு கெடாது. தோல் ஒட்டிய துண்டு, வெட்டி அரை மணி நேரம் மேசையில் காய்ந்த துண்டு இரண்டும் உதவாது. ஒரு பீக்கருக்கு மூன்று துண்டாவது போட வேண்டும். ஒரு துண்டு மட்டும் போட்டால் சராசரியும் இல்லை, சிதறலும் தெரியாது. 45 நிமிடத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். மாற்றம் முழுதாக நிற்கப் பல மணி நேரம் ஆகும்.

பூஜ்ஜியப் புள்ளி கிடைத்தபின் அதை நீரியல் திறனாக (தண்ணீர் எந்தப் பக்கம் நகரும் என்பதைச் சொல்லும் அளவாக) மாற்றச் சொல்லும் லேப் ஒரு படி மேல். 27 டிகிரியில், அதாவது 300 கெல்வினில், 0.3 மோலார் சுக்ரோஸுக்கு 0.3 × 0.0831 × 300 என்று பெருக்கி (0.0831 என்பது வாயு மாறிலி) எதிர்க்குறி போட்டால் சுமார் −7.5 பார். கிழங்குத் துண்டு கரைசலோடு சமநிலையில் இருப்பதால் கிழங்கின் நீரியல் திறனும் அதுவே. எதிர்க்குறியை விட்டுவிடுவதும், செல்சியஸை அப்படியே போட்டுப் பெருக்குவதும்தான் தேர்வில் மதிப்பெண் போகும் இடங்கள்.

நொதி: 80 டிகிரிக் குழாய் சொல்லும் பொய்

உமிழ்நீரில் இருக்கும், ஸ்டார்ச்சைச் சிதைக்கும் நொதியான அமைலேஸ், ஸ்டார்ச், ஸ்டார்ச்சோடு கருநீலமாகும் அயோடின் மூன்றும் வைத்துச் செய்வது பழைய பயிற்சி, ஆனால் இதைவிட நல்லது இன்னும் வரவில்லை. வெள்ளைத் தட்டின் குழிகளில் அயோடின் துளிகளை வரிசையாக வைத்து, 30 விநாடிக்கு ஒரு தடவை கலவையிலிருந்து ஒரு துளி எடுத்து விட வேண்டும். கருநீலம் வருவது நிற்கும் நேரமே ஸ்டார்ச் தீர்ந்த நேரம்.

80 டிகிரிக் குழாயில்தான் வேடிக்கை. அந்த வெப்பத்தில் நொதி செத்திருக்க வேண்டும், ஸ்டார்ச் அப்படியே இருக்க வேண்டும், நீலம் வர வேண்டும். ஆனால் சில குழுக்களுக்கு நீலம் வராது. "80 டிகிரியில்தான் நொதி மிக வேகம்" என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். உண்மையில் ஸ்டார்ச்சும் அயோடினும் சேர்ந்த நிறம் சூட்டில் கலைந்துவிடும், ஆறினால் திரும்பி வரும். சூடான குழாயிலேயே அயோடினை ஊற்றியவர்கள் ஏமாந்தவர்கள். துளியைத் தட்டில் விட்டு ஆறவைத்துப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டதும் காரணம் சொல்லி, குழாயை ஆற்றிக் காட்டும் ஆசிரியர் இருக்கிறாரா என்பது முக்கியம். கையேட்டில் வரும் விடையை எழுதச் சொல்லிவிட்டு நகர்கிறவர் இருந்தால் வேறு பிரிவில் இடம் கிடைக்குமா என்று பாருங்கள்.

மற்ற இடர்கள்: நொதியையும் ஸ்டார்ச்சையும் தனித்தனிக் குழாயில் அந்தந்த வெப்பநிலைக்குக் கொண்டுவந்தபின்தான் கலக்க வேண்டும். கலந்துவிட்டுத் தொட்டியில் வைத்தால், சூடேறும் வழியிலேயே வேலை முடிந்துவிடும். உமிழ்நீரை நீர்க்காமல் பயன்படுத்தினால் முதல் 30 விநாடி வருவதற்குள் ஸ்டார்ச் காலி, ஒப்பிட ஒன்றும் மிஞ்சாது. பத்து மடங்காவது நீர்க்க வேண்டும். பனிக்கட்டியில் வைத்த குழாயையும் கொதிக்கவைத்த குழாயையும் மறுபடி 37 டிகிரிக்குக் கொண்டுவந்து பார்க்கச் சொன்னால் பயிற்சி முழுமையாகும். முன்னது வேலையைத் தொடங்கும், பின்னது தொடங்காது. குளிர் நொதியைத் தூங்கவைக்கிறது, கொதிப்பு அதன் உருவத்தையே குலைக்கிறது என்ற வேறுபாடு அந்த இரண்டு குழாயில் கண்முன் தெரியும்.

கேட்டலேஸும் அது உடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வைத்துச் செய்யும் லேப்புகளில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். திறந்து நாளான, வெளிச்சத்தில் கிடந்த பெராக்சைடு பாட்டிலில் 3 சதவீதம் என்று எழுதியிருந்தாலும் உள்ளே 3 சதவீதம் இராது.

வெங்காய வேர்நுனி

செல் பிரிவைத் தயார் ஸ்லைடில் காட்டிவிட்டு முடித்துக்கொள்ளும் லேப்புகள் உண்டு. தவறில்லை, எல்லா நிலையும் தெளிவாகத் தெரியும். ஆனால் தானே நசுக்கித் தயாரித்த ஸ்லைடில் ஒரு மெட்டாஃபேஸை (குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும் நிலையை) தேடிப் பிடிப்பது வேறு கல்வி. வேரை எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் 3:1 கலந்த கரைசலில் ஒரு நாள் நிலைப்படுத்தி, 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 60 டிகிரியில் 5 முதல் 10 நிமிடம் வைத்து, தண்ணீரில் அலசி, அசிட்டோகார்மைனில் சாயம் ஏற்றி, கடைசி 1–2 மி.மீ.யை மட்டும் வெட்டி எடுத்து, கவர் ஸ்லிப்பின் மேல் வடிதாள் வைத்துக் கட்டைவிரலால் நேர்க்கீழாக அழுத்த வேண்டும்.

அமிலப் படியைச் சுருக்கினால் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் கரையாது, செல்கள் அடுக்கடுக்காகக் குவிந்து கிடக்கும். கூட்டினால் வேர் கூழாகி, சாயமும் பிடிக்காது. 5 மி.மீ. நீளத்துக்கு வெட்டியவர் பார்ப்பது பிரிவு நின்றுபோன, நீண்டு வளரும் செல்களைத்தான். அழுத்தும்போது விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு குரோமோசோம்கள் சிதைந்துவிடும். எல்லாம் சரியாக நடந்தாலும் பார்வைப் பரப்பில் பெரும்பாலான செல்கள் பிரிவு தொடங்காத இடைநிலையில்தான் இருக்கும். அது தோல்வி அல்ல, அதுதான் முடிவு. 200 செல்லை எண்ணி, பிரிவில் இருப்பவற்றின் பங்கைக் கணக்கிடச் சொன்னால், எந்த நிலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணிப்புக்கும் அதே எண்கள் உதவும். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். நன்றாக நசுங்கிய ஒரு மெட்டாஃபேஸில் எண்ணிப் பார்க்கவும் முடியும்.

பிப்பெட், ஜெல், பிளாஸ்மிட்

மைக்ரோலிட்டர் அளவில் திரவம் எடுக்கும் மைக்ரோபிப்பெட்டின் குமிழை அழுத்தினால் இரண்டு நிறுத்தம் உண்டு. உறிஞ்சும்போது முதல் நிறுத்தம் வரை, வெளியேற்றும்போது இரண்டாவது வரை. உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்தினால் அளவு கூடிப்போகும். எண் சாளரத்தைப் படிப்பதிலும் கவனம் தேவை. பல பிப்பெட்களில் மேலிருந்து கீழாக 1-0-0 என்று தெரிந்தால், 20 மைக்ரோலிட்டர் வகையில் அது 10.0 மைக்ரோலிட்டர், 200 வகையில் 100, 1000 வகையில் 1000. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தராசு போதும். 1000 மைக்ரோலிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 1 கிராம். முதல் வகுப்பில் தண்ணீரை எடைபோட வைக்காமல் நேராக டி.என்.ஏ.யைக் கையில் கொடுக்கும் லேப் அவசரப்படுகிறது.

டி.என்.ஏ. துண்டுகளை மின்சாரத்தால் நீளவாரியாகப் பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் 1 சதவீதம் என்றால் 100 மி.லி. பஃபரில் (உப்புக் கரைசலில்) 1 கிராம். தண்ணீரில் அல்ல. தண்ணீரில் காய்ச்சிய ஜெல்லும் பார்க்க அதேபோல் உறையும், ஆனால் மின்சாரத்தைக் கடத்த அயனிகள் இராது, டி.என்.ஏ. ஒழுங்காக ஓடாது. நேர்மாறாக, பத்து மடங்குச் செறிவுள்ள பஃபரை நீர்க்காமல் தொட்டியில் ஊற்றினால் மின்னோட்டம் எகிறி ஜெல் உருகும். மாதிரி ஊற்றும் குழிகள் எதிர்மின்முனைப் பக்கம் இருக்க வேண்டும், டி.என்.ஏ. நேர்மின்முனை நோக்கி ஓடும். திருப்பி இணைத்தால் மாதிரி குழியிலிருந்து பின்பக்கமாகத் தொட்டிக்குள் போய்விடும்.

பிளாஸ்மிட் பயிற்சி இருக்கிற கல்லூரியில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். ஈ. கோலை பாக்டீரியாவைக் கால்சியம் குளோரைடில் பனிக்கட்டி மேல் வைத்து, 42 டிகிரியில் 50 விநாடி சூடு காட்டி, உடனே பனிக்கட்டிக்குத் திருப்புவார்கள். பிளாஸ்மிட்டில் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கவைக்கும் மரபணுவும், அராபினோஸ் என்ற சர்க்கரை இருந்தால் மட்டும் இயங்கும், பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவும் இருக்கும். பிறகு நான்கு தட்டு: பிளாஸ்மிட் இல்லாமல் வெறும் ஊடகத்தில், பிளாஸ்மிட் இல்லாமல் ஆம்பிசிலினில், பிளாஸ்மிட்டோடு ஆம்பிசிலினில், பிளாஸ்மிட்டோடு ஆம்பிசிலினும் அராபினோஸும் சேர்ந்ததில். முதலாவதில் படலமாய்ப் படரும், இரண்டாவதில் ஒன்றும் முளைக்காது, மூன்றாவதில் வெள்ளைக் காலனி, நான்காவதில் புற ஊதா விளக்கில் பச்சை. மூன்றாவதிலும் அதே பச்சைப் புரத மரபணு இருக்கிறது, ஆனால் அராபினோஸ் இல்லாததால் இயங்கவில்லை. மரபணு இருப்பது வேறு, இயங்குவது வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பயிற்சி முதலாமாண்டில் வேறில்லை. (ஜெல்லி மீனிலிருந்து வந்த இந்தப் பச்சைப் புரதத்துக்காகத்தான் 2008-ல் ஷிமோமுரா, சால்ஃபி, ட்சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.) இரண்டு நாள் கழித்துத் தட்டைப் பார்த்தால் பெரிய காலனியைச் சுற்றிப் பொடிக் காலனிகள் இருக்கும். அவற்றில் பிளாஸ்மிட் இல்லை. பெரிய காலனி வெளியேற்றும் நொதி சுற்றிலும் இருக்கும் ஆம்பிசிலினை அழித்துவிட்டதால் முளைத்தவை. எண்ணும்போது சேர்த்துக்கொள்ளக் கூடாது.

மக்காச்சோளமும் கை-ஸ்கொயரும்

இரண்டு பண்புகள் கலந்த கதிரில் 400 மணி எண்ணினால் மெண்டலின் 9:3:3:1 விகிதப்படி 225, 75, 75, 25 எதிர்பார்க்க வேண்டும். எண்ணிக் கிடைத்தது 218, 84, 70, 28 என்று வைப்போம். வித்தியாசத்தை வர்க்கமாக்கி எதிர்பார்த்த எண்ணால் வகுத்துக் கூட்டினால் 0.22 + 1.08 + 0.33 + 0.36, மொத்தம் 1.99. நான்கு வகை, ஆகவே டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (வகைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 3, அதற்கு 0.05 அளவில் எல்லை 7.815. எல்லைக்குள் இருப்பதால் கருதுகோளை நிராகரிக்கக் காரணமில்லை. "நிரூபிக்கப்பட்டது" என்று எழுதினால் மதிப்பெண் போகும், போகவும் வேண்டும். எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தைப் போட்டால் விடை நான்கில் ஒன்றாகச் சுருங்கி 0.5 வரும். 400 மணி எண்ணிய உழைப்பை 100 மணியாகக் கணக்கு எடுத்துக்கொள்ளும்.

அறுவை, பழ டி.என்.ஏ.

ஆட்டு இதயத்தை அறுத்துப் பார்ப்பது பயனுள்ளது. சுவரைக் கிள்ளிப் பார்த்தாலே தடித்த இடது வெண்ட்ரிக்கிள் (கீழறை) எது என்று தெரியும், இதயத்தின் இடது நம் வலப்பக்கம் இருப்பதும் பதியும். முழு விலங்கு அறுவையில் பெரும்பகுதி நேரம் கொழுப்பையும் இணைப்புத் திசுவையும் விலக்குவதிலேயே போய்விடும். ஃபார்மலினில் பதப்படுத்திய மாதிரி என்றால் காற்றோட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை 2004-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. அறுவை வேண்டாம் என்பவர்களுக்கு மாற்றுப் பயிற்சி உண்டா என்பதையும் சேருமுன்னரே கேட்க வேண்டும்.

ஸ்ட்ராபெரியை நசுக்கி, சோப்பு, உப்பு சேர்த்து வடிகட்டி, மேலே குளிர்ந்த எத்தனால் ஊற்றினால் வெள்ளை நூல் திரளும். அதில் டி.என்.ஏ. இருக்கிறது. கூடவே பெக்டின், ஆர்.என்.ஏ., புரதம் எல்லாம் இருக்கின்றன. இருபது நிமிட வேலை. இதற்கு ஒரு வாரம் முழுதையும் ஒதுக்கியிருந்தால் பாடத்திட்டம் போட்டவர் களைத்துவிட்டார் என்று பொருள்.

மதிப்பெண்

லேப் அறிக்கைக்கு வகுப்பில் செலவாகும் நேரத்துக்குக் குறையாமல் வெளியிலும் செலவாகும். இதை முன்னறிவிப்பில் யாரும் சொல்வதில்லை. நல்ல லேப்பில் எதிர்பாராத முடிவுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும், காரணத்தைச் சரியாகத் தேடியிருந்தால். "மனிதத் தவறு காரணமாக இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதுவது காரணம் ஆகாது. எந்தக் கை, எந்தப் படியில், எந்தப் பக்கமாகப் பிழையைத் தள்ளியது என்று எழுத வேண்டும். மேலே சொன்ன சுக்ரோஸ் கணக்கு அதற்கு மாதிரி. நோட்டில் பேனாவால் எழுதி, தப்பை ஒற்றைக் கோட்டால் அடிப்பதே முறை. அழிப்பான், வெள்ளை மை இரண்டும் தரவை மறைப்பவை.

செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஸ்லைடோ கருவியோ வைத்து ஒன்றிரண்டு நிமிடம் தருவார்கள். ஸ்லைடைப் பார்த்த மனப்பாடம் உதவாது, ஏனென்றால் சுட்டுமுள் வேறு செல்லைக் காட்டும். இடையில் திறந்த லேப் நேரம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாத கல்லூரியில் வாரத்தில் பார்த்த ஸ்லைடை மறுபடி பார்க்க வாய்ப்பே வராது. ஒரு மைக்ராஸ்கோப்புக்கு எத்தனை பேர் என்பதும் அதே கேள்வியின் மறுபாதி. இரண்டு பேர் சமாளிக்கலாம், நான்கு பேர் என்றால் ஒருவர் பார்க்க மூவர் எழுதுவார்கள்.

வகுப்பு

சுவாசப் பாடத்தில் ஒரு குளுக்கோஸுக்கு 36 அல்லது 38 ஏ.டி.பி. (செல் ஆற்றலாகச் செலவிடும் மூலக்கூறு) என்று இன்னும் சொல்லிக்கொடுத்தால் குறிப்புகள் பழையவை. எலெக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறுகளில் ஒரு என்.ஏ.டி.ஹெச்.சுக்கு 2.5, ஒரு எஃப்.ஏ.டி.ஹெச்.2-வுக்கு 1.5 என்று கொண்டால், பத்துக்கு 25, இரண்டுக்கு 3, நேரடியாகக் கிடைக்கும் 4 சேர்த்து 32. சைட்டோபிளாசத்திலிருந்து எலெக்ட்ரான்களை உள்ளே கொண்டுபோகும் வழியைப் பொறுத்து 30-க்கு இறங்கும். இனச்செல்களை உண்டாக்கும் பிரிவான மியாசிஸில் தடுமாறாதவர் குறைவு. குரோமோசோமை எண்ண வேண்டுமானால் சென்ட்ரோமியரை (குரோமோசோமின் குறுகிய இணைப்பிடத்தை) எண்ணினால் போதும், முதல் பிரிவில் இணைகள் பிரிகின்றன, இரண்டாவதில் ஒவ்வொரு குரோமோசோமின் இரு நகல்களான குரோமாட்டிட்கள். இதை ஒருமுறை கயிறோ களிமண்ணோ வைத்துச் செய்து பார்க்க வைக்கும் வகுப்பு நல்ல வகுப்பு. வகுப்பும் லேப்பும் ஒன்றையொன்று ஒட்டி நடக்கிறதா என்று அட்டவணையில் பாருங்கள். நொதி லேப் முடிந்து மூன்று வாரம் கழித்து நொதிப் பாடம் வந்தால் இரண்டும் வீண்.

ஆன்லைன் லேப்

திரையில் பிப்பெட்டை இழுத்து விடும் சிமுலேஷன் முன்தயாரிப்புக்கு நல்லது. ஜெல்லை எந்தப் பக்கம் இணைப்பது என்பதை முதல்நாள் இரவு நான்கு தடவை செய்து பார்த்துவிட்டு வரலாம். லேப்புக்கு மாற்றாக அது நிற்காது. ஈரம் ஒற்றும் கை அதில் கிடையாது, சூட்டில் கலையும் நீலமும் கிடையாது. வீட்டுக்கு அனுப்பும் பெட்டிகள் பரவாயில்லை. உருளைக்கிழங்கு, இலையின் நிறமிகளைப் பிரிப்பது, சோளமணி எண்ணுவது எல்லாம் அதில் ஒழுங்காகச் செய்யலாம். வேர்நுனியும் பாக்டீரியாவும் முடியாது. சூடான அமிலத்தையும், நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவையும் வீட்டில் வைக்க வழியில்லை. பெட்டியில் வரும் மைக்ராஸ்கோப்பில் ஐரிஸ் டயாஃப்ரமும் சின்னத் திருகும் தனியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். இரண்டும் இல்லையென்றால் 400 மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்கு அர்த்தமில்லை.

மருத்துவம், செவிலியர் படிப்பு என்று மேலே போக நினைப்பவர்கள், போக நினைக்கும் இடம் ஆன்லைன் லேப்பை ஏற்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டபின் சேருவது நல்லது. வகுப்பையும் லேப்பையும் தனித்தனியாகப் பதிவு செய்யும் கல்லூரி என்றால் இரண்டையும் ஒரே பருவத்தில் எடுங்கள். கால அட்டவணை இடிக்கிறது என்று லேப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால், மியாசிஸும் நீரியல் திறனும் மறந்தபின் சோளமணியையும் கிழங்கையும் எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.